ஆறு நகர்ந்ததா, ஷீட் நகர்ந்ததா? 1950-களின் டோப்போ ஷீட்டை இன்றைய நிலத்தின் மேல் பொருத்தும் முறை

பழைய டோப்போ ஷீட்டை (நிலத்தின் உயரம், ஆறு, சாலை எல்லாம் காட்டும் வரைபடத் தாள்) ஸ்கேன் செய்து சாட்டிலைட் படத்தின் மேல் போட்டதும் முதலில் கண்ணில் படுவது, ஆறு இடம் மாறிக் கிடப்பதுதான். ஒரு வளைவு வயலுக்குள் ஏறியிருக்கும். பழைய கரை இருந்த இடத்தில் மணல் திட்டு தெரியும். அதில் ஆறு நகர்ந்தது எவ்வளவு, காகிதமும் டேட்டமும் (அட்ச, தீர்க்கரேகைகளுக்கு ஆதாரமான அடிப்படைக் கணக்கு) நகர்ந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் அந்த ஒப்பீட்டை யாரிடமும் காட்டாமல் இருப்பதே நல்லது. இங்கே சொல்லப்போவது அந்தப் பிரிப்பு வேலையைத்தான். 1940-களின் கடைசியிலிருந்து 1960-கள் வரை வெளிவந்த ஷீட்களில் கைக்கு அதிகம் கிடைப்பவை மூன்று அரசு நில அளவை அமைப்புகளுடையவை: அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.எஸ். ஷீட்கள், பிரிட்டனின் ஆர்டினன்ஸ் சர்வே ஷீட்கள், சர்வே ஆஃப் இந்தியா ஷீட்கள். குறியீடுகள் வேறுபடும், வேலை ஒன்றேதான்.

முதலில் ஓரம், பிறகு படம்

படத்துக்குள் நுழையும் முன் நான்கு ஓரங்களையும் படித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஷீட் எண், அளவை, சமஉயரக் கோட்டு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) இடைவெளி, அலகு அடியா மீட்டரா, புரொஜெக்ஷன் (உருண்டை பூமியைத் தட்டைத் தாளில் விரித்த முறை), டேட்டம் அல்லது ஸ்பீராய்டு (பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்ட சற்றே தட்டையான கோளம்), கிரிட் (சதுரக் கட்டங்கள்), தேதிகள். இவற்றில் ஆட்களைக் கவிழ்ப்பது தேதிதான்.

ஒரே ஷீட்டில் மூன்று நான்கு ஆண்டுகள் அச்சாகியிருக்கும். வான்படம் எடுத்த ஆண்டு, களத்தில் சரிபார்த்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, மறு அச்சின் ஆண்டு. படம் 1951, களச் சரிபார்ப்பு 1953, அச்சு 1955 என்று இருந்தால் அந்த ஆற்றின் வயது 1951. அட்டையில் பெரிதாக இருக்கும் 1955-ஐ எடுத்துக்கொண்டால் இடையில் வந்த ஒரு பெருவெள்ளம் கணக்கிலிருந்து நழுவிவிடும். யு.எஸ்.ஜி.எஸ். ஷீட்டில் ஊதா நிறம் கண்டால் கூடுதல் கவனம் வேண்டும். பழைய ஷீட்டின் மேல், பின்னாளில் எடுத்த வான்படத்தை மட்டும் வைத்து, களத்துக்குப் போகாமல் ஏற்றிய திருத்தம் அது. ஊதாவில் புதுக் குளம் வந்திருக்கலாம். அதைச் சுற்றிய பழுப்புச் சமஉயரக் கோடுகள் பெரும்பாலும் பழையவையே. ஓரத்தில் தொகுப்பு விளக்கப்படம் என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தால், எந்த மூலை எந்த ஆண்டு அளக்கப்பட்டது என்பது அதில் தெரியும். உங்கள் ஆறு இரண்டு ஆண்டுகளின் எல்லையைத் தாண்டி ஓடலாம்.

அளவையை மில்லிமீட்டராக மாற்றி மனதில் வைத்துக்கொண்டால் பிறகு எல்லாம் எளிது. ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்றால் 1:63,360. தாளில் 1 மி.மீ. தரையில் 63 மீட்டர். யு.எஸ்.ஜி.எஸ்.-இன் 15 நிமிட ஷீட் (அட்சத்திலும் தீர்க்கத்திலும் 15 நிமிடம், அதாவது கால் டிகிரி, அடங்கும் தாள்) 1:62,500, ஏறத்தாழ அதே கணக்கு. 7.5 நிமிட ஷீட் 1:24,000. அங்கே 1 மி.மீ. 24 மீட்டர். ஒரு அங்குல ஷீட்டில் 0.2 மி.மீ. தடிமனில் போட்ட ஓடைக்கோடு மட்டுமே தரையில் சுமார் 13 மீட்டரை மூடிவிடுகிறது. ஓடை 3 மீட்டர் அகலம்தான் என்பது கோட்டுக்குத் தெரியாது.

ஆற்றை எப்படி வரைந்திருக்கிறார்கள்

சிறு ஓடைக்கு ஒற்றைக் கோடு, அகலமான ஆற்றுக்கு இரட்டைக் கோடு. இரட்டைக் கோட்டை வைத்து அகலம் அளக்கலாம். ஒற்றைக் கோட்டை வைத்து அளக்கக் கூடாது. யு.எஸ்.ஜி.எஸ். ஷீட்டில் நீல விளிம்பு வழக்கமான நீர்மட்டத்தைக் காட்டும். வெள்ளத்தின் விளிம்பும் அல்ல, கோடையின் விளிம்பும் அல்ல. சர்வே ஆஃப் இந்தியா ஷீட்டில் கரையும் மணற்படுகையும் ஒருபுறம், படுகைக்குள் ஓடும் நீர்த்தடம் மறுபுறம் எனத் தனித்தனியே வரும். நீர் வற்றும் ஓடை கறுப்பு, நீர் நிற்பது நீலம். படுகைக்குள் இருக்கும் நீலத் தடம் ஒவ்வொரு பருவமும் இடம் மாறக்கூடியது. அதை இன்றைய படத்தின் நீர்த்தடத்தோடு ஒப்பிட்டு ‘ஆறு 200 மீட்டர் நகர்ந்தது’ என்று சொல்வதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. கரையைக் கரையோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

ஆறும் சாலையும் ரயில் பாதையும் நெருங்கி ஓடும் இடங்களில் மூன்று குறியீடும் தாளில் இடம் பிடிக்க முடியாது. அப்போது ஆற்றை அதன் இடத்தில் வைத்துவிட்டு, சாலையையும் சாலையோர வீடுகளையும் சற்றுத் தள்ளி வரைவது வரைபடக் கலைஞரின் வழக்கம். அதனால் கரையோரச் சாலையில் இருக்கும் கறுப்புச் சதுர வீட்டை ஆதாரப் புள்ளியாக (ஷீட்டை நிலத்தோடு பொருத்தப் பிடிக்கும் இடம்) எடுக்காதீர்கள். அந்தச் சதுரமே உண்மை வீட்டை விடப் பெரியது.

சர்வே ஆஃப் இந்தியா ஷீட்டில் ஏரிக்கரை, ஆற்றங்கரைப் பக்கம் ஒரு எண்ணும் அதையொட்டி ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் இருக்கும். பக்கத்துத் தரையிலிருந்து கரை எவ்வளவு உயரம் அல்லது பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதே அந்த எண். கடல்மட்ட உயரம் அல்ல. ஒரு அங்குல ஷீட்டில் அது அடி. பின்னால் வந்த 1:50,000 மெட்ரிக் ஷீட்டில் மீட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் கரை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது போலத் தோன்றும்.

ஸ்கேன்

தட்டையான பெரிய ஸ்கேனர், 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 400 புள்ளி), டிஃப் கோப்பு. 300 டி.பி.ஐ.-யில் ஒரு பிக்சல் ஒரு அங்குல ஷீட்டில் 5.4 மீட்டர், 400-இல் 4 மீட்டர். அதற்கு மேல் போனால் காகித நார்தான் தெளிவாகத் தெரியும். ஜேபெக் வேண்டாம்: மெல்லிய பழுப்புக் கோடும் நீலக் கோடும் குறுக்கிடும் இடத்தில் நிறம் கலங்கி, ஓடை எது சமஉயரக் கோடு எது என்று பிரியாமல் போகும். மொபைலில் எடுத்த படம் படிக்க மட்டும் உதவும், அளக்க உதவாது.

உருளையில் இழுத்து ஸ்கேன் செய்யும் கருவிகள் இழுக்கும் திசையில் படத்தை நீட்டும் அல்லது சுருக்கும். காகிதமும் ஈரத்துக்கேற்ப அப்படித்தான் செய்யும், அதுவும் இரண்டு திசையில் இரண்டு விதமாக. 15 நிமிட ஷீட்டின் உயரம் ஒரு அங்குல அளவையில் சுமார் 43.6 செ.மீ. காகிதம் அரை சதவீதம் சுருங்கினால் 2.2 மி.மீ.; தரையில் கிட்டத்தட்ட 140 மீட்டர். துணியில் ஒட்டி, துண்டுகளாக வெட்டி மடித்த ஷீட் என்றால் துண்டுகளுக்கு நடுவே துணி தெரியும் இடைவெளி உண்டு. அதை ஒரே படமாகப் பொருத்த முயலாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் வெட்டித் தனித்தனியாகப் பொருத்துவதுதான் ஒரே வழி.

யு.எஸ்.ஜி.எஸ்.-இன் பழைய ஷீட்கள் டோப்போவியூ தளத்தில் பொருத்தப்பட்ட ஜியோடிஃப் (இட விவரமும் சேர்ந்த படம்) கோப்புகளாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிட்டன் ஷீட்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் உண்டு. தயாராகக் கிடைத்தாலும் கீழே வரும் சரிபார்ப்பைத் தாண்டிப் போகக் கூடாது.

பொருத்துதல்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் படத்தை நிலத்தோடு பொருத்தும் கருவியான ஜியோரெஃபரன்சர் போதும். ஆதாரப் புள்ளிகளாக அட்ச, தீர்க்கரேகைகள் வெட்டும் இடங்களை மட்டும் எடுங்கள். பாலம், கோயில், சாலைச் சந்திப்பு எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். அவை சோதனைக்குத் தேவைப்படும். பொருத்தியதையே வைத்துச் சோதித்தால் சோதனை எப்போதும் வெற்றிதான்.

15 நிமிட ஷீட்டில் 5 நிமிடத்துக்கு ஒரு கோடோ கூட்டல் குறியோ இருக்கும். 7.5 நிமிட ஷீட்டில் 2.5 நிமிடத்துக்கு ஒன்று. எப்படிப் பார்த்தாலும் நான்குக்கு நான்கு, 16 புள்ளிகள். ஆர்டினன்ஸ் சர்வே ஒரு அங்குல ஏழாம் தொடரில் (1952-இலிருந்து வந்தவை) நேஷனல் கிரிட் (பிரிட்டனின் தேசியக் கட்டக் கணக்கு) 1 கி.மீ. சதுரங்களாக அச்சாகியிருப்பதால் கிரிட் சந்திப்புகளை எடுப்பது எளிது, அதன் இ.பி.எஸ்.ஜி. எண் (மென்பொருள் ஒவ்வொரு கணக்கையும் அடையாளம் காணும் எண்) 27700.

எண்களை உள்ளிடும்போது 5 நிமிடம் என்பது 0.08333333 டிகிரி. அதை 0.08 என்று சுருக்கினால் 370 மீட்டர் பிழை. நான்கு தசம இலக்கத்தோடு நிறுத்தினாலும் சில மீட்டர் போகும். டிகிரி, நிமிடம், நொடி என்று இடைவெளி விட்டு அப்படியே தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. படத்தை நன்றாகப் பெரிதாக்கி, கோட்டின் விளிம்பில் வைக்காமல் நடுவில் வையுங்கள்.

அடுத்தது டேட்டம். இங்கேதான் ‘ஆறு மொத்தமாக மேற்கே போய்விட்டது’ போன்ற கண்டுபிடிப்புகள் பிறக்கின்றன. ஷீட்டில் அச்சான அட்ச, தீர்க்கரேகைகள் இன்றைய ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ்.84 கணக்கில் இல்லை. அமெரிக்க ஷீட்கள் நாட்27 என்ற 1927-ஆம் ஆண்டு வட அமெரிக்க டேட்டத்தில் இருக்கும் (எண் 4267). அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டால் வேறுபாடு இடத்தைப் பொறுத்துச் சுமார் 10 முதல் 100 மீட்டர் வரை. பிரிட்டன் ஷீட்கள் ஓ.எஸ்.ஜி.பி.36 (எண் 4277). வேறுபாடு 100 மீட்டர் அளவில். இந்திய ஷீட்கள் எவரெஸ்ட் ஸ்பீராய்டில் அமைந்தவை. காலியான்பூர் 1975 (எண் 4146) என்று அமைத்தால் மாற்றம் சரியாக வரும். தென்னிந்தியாவில் அந்த வேறுபாடு 100 மீட்டரைத் தாண்டும். ஜியோரெஃபரன்சரில் இலக்கு டேட்டமாக ஷீட்டின் டேட்டத்தையே கொடுங்கள், டபிள்யூ.ஜி.எஸ்.84-இன் எண்ணான 4326-ஐக் கொடுக்காதீர்கள். சாட்டிலைட் படத்தோடு சேர்க்கும்போது மாற்றத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நாட்27-க்கு மாற்றக் கோப்பை இறக்கச் சொல்லி கியூஜிஐஎஸ் கேட்டால் இறக்கிக்கொள்ளுங்கள், மாற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கும். இந்திய டேட்டத்துக்கான மூன்று எண் மாற்றத்தில் ஒவ்வொரு திசையிலும் 10-15 மீட்டர் ஐயம் எப்போதும் இருக்கும். அதைப் பின்னால் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படத்தை நீட்டிச் சாய்த்துப் பொருத்தும் உருமாற்ற வகைக்கு முதலில் பாலினோமியல் 1 (நேர்க்கோட்டை நேராகவே வைப்பது). அட்டவணையில் ஒவ்வொரு புள்ளிக்கும் எச்சப் பிழை (பொருத்திய பின்னும் மிஞ்சும் விலகல்) பிக்சலில் வரும். 15 புள்ளிகள் 2 பிக்சலிலும் ஒன்று மட்டும் 40 பிக்சலிலும் இருந்தால் அந்த ஒன்றில் எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறீர்கள். எல்லாமே 6, 7 என்று இருந்தால் காகிதம் கோணியிருக்கிறது. படத்தை வளைக்கவும் கூடிய பாலினோமியல் 2-க்குப் போங்கள். பூமத்தியரேகையிலிருந்து தொலைவில் உள்ள 15 நிமிட ஷீட்களுக்கு எப்படியும் 2 வேண்டும்: அட்சம் 40 டிகிரியில் ஷீட்டின் மேல் விளிம்பு கீழ் விளிம்பை விடச் சுமார் 80 மீட்டர் குறுகியது, பாலினோமியல் 1 அதைக் கையாளாது. ஒவ்வொரு புள்ளிக்கும் படத்தை வளைத்துக்கொடுக்கும் தின் பிளேட் ஸ்ப்லைன் பக்கம் போகாதீர்கள். எல்லாப் புள்ளியிலும் பிழை பூஜ்யம் என்று காட்டும். தப்பாக அடித்த புள்ளியிலும் பூஜ்யம்தான்.

சரிபார்ப்பு

இப்போது நகராத பொருள்களைத் தேடுங்கள். பழைய ரயில் பாலத்தின் நடு, ரயிலும் சாலையும் வெட்டும் இடம், கல் அணைக்கட்டின் முனை, தேவாலயக் கோபுரம், கோயில் கோபுரம், டிரிக் நிலையம் (முக்கோண அளவைக்குக் குறித்த இடம்). ஆற்றின் இரு பக்கமும் பரவலாக 8 இடங்கள் போதும். பாலமாக இருந்தால் அதே பாலம்தானா என்று பாருங்கள். பழைய பாலத்தை இடித்துப் பக்கத்தில் புதுப்பாலம் கட்டுவது சாதாரணம், பழைய தூண்கள் சாட்டிலைட் படத்தில் பல சமயம் தெரியும். ஓடைகள் கூடும் இடத்தை ஒருபோதும் சோதனைப் புள்ளி ஆக்காதீர்கள், நாம் கேட்கும் கேள்வியே அதைப் பற்றியதுதான்.

ஷீட்டிலிருந்து இன்றைய இடத்துக்கு ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு அம்புக்குறி வரையுங்கள். நோயை அம்புகளின் போக்கே சொல்லிவிடும். எல்லா அம்பும் ஒரே திசை, ஒரே நீளம் என்றால் டேட்டம் தப்பு. நடுவிலிருந்து வெளியே விரிந்தாலோ உள்ளே குவிந்தாலோ சுருக்கம் திருத்தப்படவில்லை. ஒரு மூலையில் மட்டும் நீண்டிருந்தால் அங்கே மடிப்போ கிழிசலோ ஒட்டோ இருக்கும். ஒரே ஒரு அம்பு தனியே எங்கோ போனால் பொருளை மாற்றி அடையாளம் கண்டிருக்கிறீர்கள். எல்லாம் குட்டையாக, திசைக்கொன்றாகச் சிதறியிருந்தால் பொருத்தம் நன்று; அவற்றின் வர்க்கச் சராசரி மூலத்தை (நீளங்களின் வர்க்கங்களைச் சராசரி எடுத்து அதன் வர்க்கமூலம்) குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மீட்டருக்கு மேல் நம்பலாம்

அமெரிக்காவில் 1947-இல் திருத்திய தேசிய வரைபடத் துல்லிய விதிப்படி, 1:20,000-உம் அதைவிடச் சிறிய அளவையும் கொண்ட ஷீட்களில் தெளிவான புள்ளிகளில் 90 சதவீதம் அங்குலத்தின் ஐம்பதில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 1:24,000-இல் அது 40 அடி, அதாவது 12 மீட்டர். ஒரு அங்குல ஷீட்டுக்கும் அதே விதியை வைத்தால் 32 மீட்டர்.

ஒரு அங்குல ஷீட்டுக்கு இப்படிக் கணக்குப் போடலாம்: ஷீட்டின் பிழை 32, சோதனையில் கிடைத்தது 25, கரையை வரையும்போது கை நடுங்கும் பிழை 10. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 42 மீட்டர். சோதனை எண்ணில் ஷீட்டின் பிழையும் ஓரளவு கலந்திருப்பதால் இது கொஞ்சம் தாராளமான எண்தான். இந்த வேலையில் அந்தப் பக்கம் சாய்வதே நல்லது. 42 மீட்டருக்குள் உள்ள எந்த நகர்வையும் ஆற்றின் தலையில் கட்டக் கூடாது. இரண்டு மடங்கு, 84 மீட்டருக்கு மேல் போனால் தைரியமாகச் சொல்லலாம். நடுவில் இருப்பதற்கு வேறு சாட்சி வேண்டும்: அதே காலத்து வான்படம், பழைய நிலப்பதிவு, அல்லது களம். 1:24,000 ஷீட்டில் 12, 10, 5 என்று எடுத்தால் 16 மீட்டர்தான் வரும். ஒரே ஆற்றுக்கு இரண்டு அளவையிலும் ஷீட் இருந்தால் எதை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம்.

கரையை வரையும்போது இரண்டு கரையையும் தனித்தனி லேயரில் வரையுங்கள். ஒரு கரை மட்டும் பின்வாங்கி மறுகரை அப்படியே இருந்தால் அகலம் கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம் போயிருந்தால்தான் தடம் மாறியது. வளைவின் வெளிக்கரை அரிபட்டு உள்கரையில் மணல் சேர்ந்திருப்பது இயல்பு. தலைகீழாகத் தெரிந்தால் பொருத்தத்தை மறுபடி சோதியுங்கள். மேலே அணை வந்த ஆறுகளில் தடம் அசையாமலே குறுகியிருக்கும்; மேட்டுமணலில் புதர் ஏறி, சாட்டிலைட் படத்தில் கரை உள்ளே வந்தது போலத் தோன்றும்.

வயல், தோப்பு, கிணறு

வேளாண்மையைப் பற்றி ஷீட் சொல்வது ஆற்றைப் பற்றிச் சொல்வதை விடக் குறைவு. யு.எஸ்.ஜி.எஸ்.-இல் பச்சை என்றால் மரக்காடு, வரிசைப் பச்சைப் புள்ளிகள் என்றால் பழத்தோட்டம், வெள்ளை என்றால் வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ வேறெதுவாகவோ இருக்கலாம். மெல்லிய சிவப்பு விட்டுவிட்ட கோடு வேலி அல்லது வயல் எல்லை. சர்வே ஆஃப் இந்தியாவில் மஞ்சள் என்றால் சாகுபடி நிலம்; என்ன பயிர் என்று கேட்கக் கூடாது. ஆர்டினன்ஸ் சர்வே ஒரு அங்குல ஷீட்டில் வயல் எல்லையே கிடையாது, 1:25,000 ஷீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் வயல் எல்லை கிடைக்கும் ஷீட்டில் ஒன்றைக் கவனியுங்கள்: நேர்க்கோட்டு வயல்களுக்கு நடுவே பிறை வடிவில் வளைந்து போகும் எல்லை, அதையொட்டி ஈரநிலக் குறியீடு அல்லது நீண்ட குட்டை. அது ஆறு கைவிட்டுப் போன தடம், குருட்டு ஆறு. ஷீட் வரையப்படுவதற்கு முன்பே நடந்த நகர்வு அது. 1951-க்குப் பிந்தைய கணக்கில் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

எந்த டோப்போ ஷீட்டும் சொத்து ஆவணம் அல்ல. அதிலுள்ள வேலிக்கோட்டைக் காட்டி எல்லைச் சண்டையில் இறங்க வேண்டாம்.

உயரமும் சரிவும்

சமஉயரக் கோடு ஆற்றைக் கடக்கும் இடத்தில் வளைந்து கூராகும். அந்தக் கூர் ஆறு வரும் திசையை, அதாவது மேற்புறத்தைக் காட்டும். ஆற்றின் சரிவைக் காண அடுத்தடுத்த இரண்டு கடப்புகளுக்கு இடையே ஆற்றின் வழியாகவே தூரத்தை அளக்க வேண்டும்; நேர்க்கோட்டில் அளந்தால் வளைவுள்ள ஆற்றில் சரிவு இரு மடங்காகக் கூடக் காட்டும். 50 அடி இடைவெளி, கடப்புகளுக்கு இடையே ஆற்றின் வழியில் 8 மைல் என்றால், மைலுக்கு 6.25 அடி, கிலோமீட்டருக்கு 1.2 மீட்டர்.

வெள்ளம் எதுவரை ஏறும் என்று இந்தக் கோடுகளை வைத்துச் சொல்ல முயலாதீர்கள். அதே 1947 விதிப்படி உயரத்தில் அனுமதித்த பிழை இடைவெளியில் பாதி. 50 அடி இடைவெளியில் அது 25 அடி, அதாவது 7.6 மீட்டர். தட்டையான வெள்ளச் சமவெளி முழுவதும் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு கோடும் இல்லாமல் கிடக்கும். பெஞ்ச் மார்க் (உயரத்தைத் துல்லியமாக அளந்து குறித்த இடம்) எண்கள் மட்டும் நம்பகமானவை, அதுவும் அந்தக் காலத்துக் கடல்மட்டக் கணக்கில்.

களத்துக்குப் போகும்போது

பொருத்திய ஷீட்டை மொபைல் ஜி.பி.எஸ். செயலியில் ஏற்றிக்கொண்டு, ஐயமான இடங்களுக்கு மட்டும் போனால் போதும். ஓரத்தில் அச்சான காந்த விலக்கத்தை (காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான கோணம்) காம்பஸுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது அந்த ஆண்டுக்கானது, இன்றைய மதிப்பு வேறு. பழைய தடத்தில் தரை கால் அல்லது அரை மீட்டர் தாழ்ந்திருக்கும், மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டினால் சுற்று வயலின் களிமண்ணுக்குப் பதில் ஆற்று மணல் வரும், மழைக்குப் பின் அந்தப் பட்டையில் மட்டும் நீர் நிற்கும் அல்லது பயிர் சீக்கிரம் வாடும். இரண்டு அடையாளங்களாவது சேர்ந்து வந்தால் வரைபடத்தில் குறியுங்கள்.

கோப்பைச் சேமிக்கும்போது பக்கத்திலேயே ஒரு உரைக் கோப்பில் ஷீட் எண், வான்பட ஆண்டு, அச்சு ஆண்டு, டேட்டம், உருமாற்ற வகை, புள்ளிகளின் எண்ணிக்கை, சோதனைப் பிழை மீட்டரில், ஒப்பிட்ட சாட்டிலைட் படத்தின் தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆதாரப் புள்ளிகளின் கோப்பையும் கூடவே வைத்துக்கொண்டால், டேட்டம் தப்பு என்று பிறகு தெரியவந்தாலும் 16 புள்ளிகளையும் மறுபடி சொடுக்க வேண்டியிருக்காது.